அத்தியாயம் 5: படுகையில் கீரை கிள்ளப் போகும்போது

காவிரிக் கரையில் கீரை நடைக்கு வருகிறவர்கள் குனிந்து ஓர் இலையைப் பிடித்ததுமே கேட்பது, "இதைத் தின்னலாமா?" என்பதுதான். அது இரண்டாவதாகக் கேட்க வேண்டியது. இந்தச் செடி எந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தது என்பது முதல் கேள்வி. பொன்னாங்கண்ணி எங்கே முளைத்தாலும் பொன்னாங்கண்ணிதான். சாக்கடை வந்து கலக்கும் இடத்தில் முளைத்தது இன்னும் கொழுத்து, பச்சை ஏறி, பார்க்கிறவர் கையை இழுக்கும். செடியின் பெயரைச் சொல்லத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். இந்த இடத்தில் கிள்ளாதே என்று சொல்லத் தெரிந்தவரைத்தான் வழிகாட்டியாக எண்ணிப் பின்னால் போக வேண்டும்.

முக்கொம்பு தொடங்கி கல்லணை தாண்டித் திருவையாறு வரைக்குமான காவிரிக் கரையை மனத்தில் வைத்து இந்த அத்தியாயத்தை எழுதியிருக்கிறேன். தாமிரபரணி, வைகைக்காரர்களுக்கும் செடிகள் பெரும்பாலும் இவையே. இடங்களை மட்டும் தங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

எப்போது, யாரோடு

மேட்டூர் அணையை வழக்கப்படி ஜூன் 12ஆம் தேதி திறந்து ஜனவரி 28ஆம் தேதி மூடுவார்கள். அணையில் நீர் இருப்பைப் பொறுத்துத் தேதி முன்னே பின்னே போகும். கீரை நடைக்கும் இதுதான் நாள்காட்டி. ஆற்றில் தண்ணீர் ஓடும் மாதங்களில் ஆற்றுக்குள் இறங்கும் வேலையே கிடையாது. வாய்க்கால் கரையோடும் வயல் வரப்போடும் நடை முடிந்துவிட வேண்டும். புரட்டாசியில் நல்ல மழை ஒன்று விழுந்தால் போதும், வரப்பெல்லாம் துளிர்க்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கால் வைக்கிற இடமெல்லாம் சேறு. அணை மூடித் தண்ணீர் வடிந்த பிறகு, மாசியிலும் பங்குனியிலும், படுகையில் ஈரம் காயாத ஓரங்களில் கீரை படர்ந்து கிடக்கும். புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லும் பருவம் இதுதான். சேறு இறுகியிருக்கும், வெயில் இன்னும் ஏறியிருக்காது, செடி பூவோடு கிடைக்கும். பூ இருந்தால் அடையாளத்தில் பாதிக் குழப்பம் தீர்ந்தது. சித்திரை பிறந்துவிட்டால் தண்டு நாரேறிவிடும்.

மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வந்துசேர மூன்று நாள் அளவாகும். திறப்பு அறிவிப்பு வந்த வாரத்திலும், ஆடிப்பெருக்கை ஒட்டிய நாள்களிலும், மேற்கே பெருமழை பெய்து உபரிநீர் விடும்போதும் மணலில் இறங்குகிற நடை எதற்கும் போகாதீர்கள், யார் கூப்பிட்டாலும். கொள்ளிடக் கரையில் நடக்கிறவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். அணைக்கரைப் பக்கம் முதலை உண்டு. தேங்கி நிற்கும் மடுவின் ஓரத்தில் உட்கார்ந்து கீரை அலசுவது அங்கே ஆகாது.

வழிகாட்டியைத் தேர்ந்தெடுப்பது பற்றி என் கருத்து கொஞ்சம் கறாரானது. இரண்டு மணி நேரத்தில் நாற்பது செடி காட்டுகிறேன் என்று விளம்பரம் செய்கிறவரிடம் போக வேண்டாம். கைப்பேசி நிறையப் படம் சேரும். வீட்டுக்கு வந்து ஒன்றைக்கூடத் துணிந்து கிள்ள முடியாது. ஐந்து செடியை, அவற்றைப் போலவே இருக்கும் வேறு ஐந்தோடு சேர்த்துக் காட்டுகிறவரே நல்ல வழிகாட்டி. எனக்குத் தெரிந்து சிறப்பாக நடக்கும் நடைகளில் இரண்டு பேர் முன்னால் போவார்கள். ஒருவர் தாவரவியல் படித்தவர். மற்றவர் அதே கரையில் மாட்டுக்குப் புல்லும் வீட்டுக்குக் கீரையும் அறுத்துப் பழகிய பெண். பூவின் அமைப்பை முன்னவர் சொல்வார். போன வருஷம் இந்த வாய்க்காலில் எந்த மில் தண்ணீர் வந்தது என்பது பின்னவருக்குத்தான் தெரியும். இருவருக்கும் கருத்து மாறுபட்டால் அந்தச் செடியை விட்டுவிடுவது உத்தமம். நடைக்கு வாங்கும் கட்டணத்தில் அந்த அம்மாவுக்கு எவ்வளவு போகிறது என்றும் கேளுங்கள். கேட்பதில் ஒரு குற்றமும் இல்லை.

அடையாளத்தில் உண்மையாகவே ஐயம் வந்து, தீர்த்துக்கொள்ளும் ஆர்வமும் உள்ளவர்களுக்குத் திருச்சியிலேயே வழி இருக்கிறது. புனித வளனார் கல்லூரியில் உள்ள ராபினாட் ஹெர்பேரியம் என்னும் உலர்தாவரக் காப்பகத்தை 1967இல் தொடங்கியவர் கே.எம். மாத்யூ என்ற சேசு சபைப் பாதிரியார். தமிழகச் சமவெளித் தாவரங்களுக்கு இன்றும் அடிப்படையாக இருக்கும் அவருடைய பெருந்தொகுதிகள் 1980களின் தொடக்கத்தில் வெளிவந்தன. கைப்பேசிச் செயலி சொல்லும் பெயரை ஒரு துப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதை நம்பி எதையும் வாயில் போடாதீர்கள்.

தண்ணீரைப் படிப்பது

நீரோரக் கீரைகள் சேற்றில் உள்ளதை உறிஞ்சிச் சேர்த்துக்கொள்ளும் சுபாவம் உடையவை. ஈயம், காட்மியம், குரோமியம் போன்ற உலோகங்கள் தண்டுக்கும் இலைக்கும் ஏறிவிட்டால் மஞ்சள் தண்ணீரில் எத்தனை முறை அலசினாலும் போகாது, வேகவைத்தாலும் போகாது. மேலே ஒட்டிய அழுக்கைத்தான் கழுவ முடியும்.

காவிரியில் இது வெறும் அச்சமல்ல. திருப்பூர்ச் சாயத் தண்ணீரைச் சுமந்த நொய்யல், கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்ற ஊருக்கு அருகேயே காவிரியில் கலக்கிறது. சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிடும் அளவுக்குப் போனது அந்த விவகாரம். கரூரைத் தாண்டி வரும் அமராவதி திருமுக்கூடலூரில் சேர்கிறது. இந்த இரண்டு கூடுமிடங்களுக்கும் அருகே கீரை கிள்ளும் நடை எதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். கீழே வர வர ஆறு விரிந்து தண்ணீர் கலைந்துவிடுகிறது என்பது உண்மைதான். ஆனால் ஒவ்வோர் ஊரும் தன் பங்குக்கு ஒரு சாக்கடையைத் திறந்துவிட்டிருக்கிறது என்பதும் உண்மை.

ஆகவே நடை தொடங்கும் இடத்தில் முதல் கால்மணி நேரம் செடியைப் பார்க்காதீர்கள். மேல்புறமாகத் திரும்பி நின்று, கண்ணுக்கு எட்டிய தூரத்தில் வாய்க்கால், குழாய், மதகு எது வந்து கலக்கிறது என்று பாருங்கள். ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டு கிடந்தால் கழிவு ஊட்டம் அதிகம் என்று பொருள். ஒரு குச்சியால் ஓரத்துச் சேற்றைக் கிளறுங்கள். கன்னங்கரேலென்று வந்து அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் அந்த இடத்தைவிட்டு நகர்ந்துவிடலாம். படித்துறைக்குக் கீழ்ப்புறம் சோப்புத் தண்ணீர், சுடுகாட்டுக் கரை, கோழிக்கழிவு மூட்டை வீசும் பாலத்தடி, லாரி போகும் சாலையை ஒட்டிய சரிவு, இவையும் வேண்டாம். தண்ணீர் தெளிவாக இருப்பது ஒரு சான்றே அல்ல. சாயம் தெரியாத கழிவும் உண்டு.

வயல் வரப்பில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. வரப்புப் புல்லை ஆள் வைத்துச் செதுக்குவது போய், களைக்கொல்லி அடிப்பது இப்போது பல ஊர்களில் வழக்கமாகிவிட்டது. அடித்து ஓரிரு நாள்வரை செடி பச்சையாகத்தான் நிற்கும். பிறகுதான் நுனி முறுக்கி, இலை ஓரம் தீய்ந்து காட்டும். அதனால் கண்ணை நம்பாமல் வயல்காரரிடம், "எப்பண்ணே மருந்து அடிச்சீங்க?" என்று கேட்டுவிடுவது நல்லது. அனுமதி கேட்ட மாதிரியும் ஆகும். வரப்பு அவருடையது.

இடம் யாருடையது என்பதையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். பட்டா நிலத்தில் உரிமையாளர் சொல் வேண்டும். காப்புக்காட்டிலும் வனவிலங்கு சரணாலயத்திலும் இலை கிள்ளுவதும் சட்டப்படி குற்றமாகலாம். கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் ஏறத்தாழ 686 சதுர கிலோமீட்டர் பரப்பை 2022இல் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயமாக அறிவித்திருக்கிறார்கள். தாமிரபரணியின் மேல்பகுதி களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் வருகிறது. அங்கெல்லாம் பார்க்கலாம், படம் எடுக்கலாம், அதோடு சரி.

முதல் நடைக்கு ஐந்து

பொன்னாங்கண்ணியிலிருந்து தொடங்குவோம். எல்லோருக்கும் தெரிந்த கீரை என்பதாலேயே அதிகம் தவறு நடப்பது இதில்தான். இலைகள் கணுவுக்குக் கணு எதிரெதிராக, நீண்டு, ஓரம் வழவழப்பாக இருக்கும். கணுவில் வெள்ளை வெளேரென்று, தொட்டால் காகிதம் போலச் சரசரக்கும் சின்னப் பூவுருண்டைகள். இதே நிறத்தில், இதே இலையோடு, தென்னமெரிக்காவிலிருந்து வந்த ஒரு களை நம் நீர்நிலைகளில் மெத்தையாகப் படர்ந்து கிடக்கிறது. தாவரவியலில் பொன்னாங்கண்ணியின் ஒன்றுவிட்ட சகோதரிதான் அது. ஆல்டர்னாந்தெரா பிலாக்சிராய்டஸ் என்று பெயர். கழிவுநீரில் செழிப்பது, உலோகங்களை வாரி வைத்துக்கொள்வது. ஒரு நடையில் கல்லூரிப் பையன் ஒருவர் இதில் ஒரு கத்தை பறித்துக்கொண்டு வந்தபோது, கூட வந்த அக்கா அதைக் கையிலிருந்து வாங்கித் தரையில் போட்டுவிட்டார்.

"என்னக்கா, ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கு?"

"பூவப் பாரு தம்பி. நம்ம பொன்னாங்கண்ணிப் பூ கணுவுலயே ஒட்டிக்கிட்டு குந்தியிருக்கும். இது காம்பு விட்டு நிக்கிது பாரு, விரக்கடை நீளத்துக்கு. இது ஆவாது."

புத்தகம் சொல்லும் அடையாளமும் இதேதான், ஒரு வார்த்தை கூடக் குறைய இல்லை. தண்டு உள்ளே பொள்ளலாக இருந்தால் களை என்று சிலர் சொல்வார்கள். அதை நம்ப வேண்டாம். தண்ணீரில் மிதந்து வளரும் நல்ல பொன்னாங்கண்ணிக்கும் தண்டு பொள்ளலாகலாம். பூ இல்லாத செடி என்றால் கிள்ளாமல் காத்திருங்கள்.

கரிசலாங்கண்ணிக்கு அடையாளம் விரலிலேயே இருக்கிறது. வெள்ளைப் பூ, சொரசொரப்பான இலை, எதிரெதிர் அடுக்கு. இளந்தண்டைக் கிள்ளி விரலிடுக்கில் நசுக்கிக் கொஞ்ச நேரம் பொறுங்கள். பச்சையாக வந்த சாறு கண்ணெதிரே கருத்துப்போகும். அதே வரப்பில் நிற்கும் வெட்டுக்காயப் பூண்டுக்கும் சின்னப் பூதான், ஆனால் அது நீண்ட ஒற்றைக் காம்பின் உச்சியில் தனியாக நிற்கும், சாறும் கருக்காது. மஞ்சள் கரிசலாங்கண்ணியை மட்டும் முதல் நடையில் தொட வேண்டாம். பூங்காக்களில் தரை மூட வளர்க்கும் மஞ்சள் பூக்கொடி ஒன்று தப்பிவந்து ஈரக்கரைகளில் படர்கிறது. அதைக் காட்டி, இதுதான் மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று விற்பவர்கள்கூட இருக்கிறார்கள்.

வல்லாரை நிழலும் ஈரமும் சேர்ந்த வாய்க்கால் ஓரத்தில் ஓடுதண்டு விட்டுப் படரும். இலையைத் திருப்பிக் காம்பு எங்கே சேர்கிறது என்று பார்த்தால் போதும். வல்லாரையில் இலையின் அடிப்பக்கம் ஒரு வெட்டு இருக்கும், காம்பு அந்த வெட்டில் வந்து சேரும். வட்ட இலையின் நட்டநடுவில் குடைக்கம்பி மாதிரி காம்பு சேர்ந்தால் அது தொட்டிகளில் அழகுக்கு வளர்க்கும் வேறு செடி. எலிக்காதுக்கீரை எனப்படும் கொடியின் இலையும் வல்லாரையை நினைவூட்டும். அது மஞ்சள் பூ பூக்கும்.

ஆரைக்கீரைக்குப் பூவே கிடையாது. அது பெரணி இனம். ஒரு காம்பின் உச்சியில் நான்கு இலைத்துண்டு, சிலுவையாக. தண்ணீர் இருந்தால் இலை மேலே மிதக்கும், வடிந்துவிட்டால் சேற்றில் நிமிர்ந்து நிற்கும். இளந்தளிர் நத்தைக்கூடாகச் சுருண்டு வரும். மூன்று இதய வடிவ இலைத்துண்டும் மஞ்சள் பூவுமாக இருந்தால் அது புளியாரை. அதுவும் தின்னக்கூடியதே, ஆனால் ஆக்ஸாலிக் அமிலம் அதிகம். துவையலுக்கு ஒரு பிடி போதும்.

ஆரையைப் பச்சையாக அரைத்துக் குடிக்கச் சொல்லும் வீடியோக்கள் உலவுவதால் ஒரு பழைய கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1861இல் ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதியைக் கடந்து திரும்பிய பர்க், வில்ஸ் குழுவினர் கூப்பர் ஓடைக் கரையில் உணவின்றி மாட்டிக்கொண்டார்கள். அங்கிருந்த பூர்வகுடிகள் நார்டூ என்ற ஆரை இனத்தின் வித்துக்காய்களைப் பக்குவம் செய்து தின்பதைப் பார்த்து, இவர்களும் இடித்து மாவாக்கித் தின்றார்கள். வயிறு நிறைந்தது, உடம்பு நாளுக்கு நாள் ஒடுங்கியது. தலைவர்கள் இருவரும் அங்கேயே இறந்தார்கள். நார்டூவில் தயாமின் என்ற பி1 உயிர்ச்சத்தைச் சிதைக்கும் நொதி இருக்கிறது. பூர்வகுடிகளின் பக்குவத்தை அரைகுறையாகப் பின்பற்றியதும் அந்தச் சாவுக்கு ஒரு காரணம் என்பது பின்னாளில் ஆய்வாளர்கள் சொன்ன விளக்கம். நம் வீடுகளில் ஆரையை எப்போதாவது ஒரு வேளை, நன்றாக வேகவைத்துக் கடைந்துதான் தின்கிறார்கள். அந்தப் பழக்கத்தை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். பச்சைச் சாறும் வேண்டாம், தினசரியும் வேண்டாம்.

ஐந்தாவது முடக்கத்தான். வேலியில் ஏறும் கொடி, காற்றடைத்த மூன்று முனைப் பை போன்ற காய். முற்றிய காயை உடைத்தால் கறுப்பு விதையில் வெள்ளையாக ஓர் இதயக்குறி இருக்கும். பிள்ளைகளை அழைத்துப் போனால் இந்த ஒன்றை அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.

தொடக்கூடாதவை

அதே வேலியில் புளிய இலை போன்ற இலையோடு ஏறும் இன்னொரு கொடி குன்றிமணி. சிவப்பில் கறுப்புப் புள்ளி வைத்த அதன் விதையைப் பொறுக்காத பிள்ளை கிடையாது. விதைக்குள் இருப்பது அப்ரின் என்ற கடும் நஞ்சு. முழுதாக விழுங்கினால் தோடு கெட்டி என்பதால் தப்பவும் வழியுண்டு. மென்றுவிட்டால் பெரும் ஆபத்து. பிள்ளைகளின் கால்சட்டைப் பையை நடை முடிந்ததும் சோதித்துவிடுங்கள்.

தண்ணீர் ஓரத்தில் வள்ளைக்கீரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். இரண்டும் ஒரே குடும்பம், இரண்டுக்கும் புனல் வடிவப் பூ. வள்ளை தரையோடும் தண்ணீரோடும் படரும், தண்டு பொள்ளலாக இருக்கும், இலை அம்பு முனையாக நீளும். நெய்வேலிக் காட்டாமணக்கு புதராக, ஆள் உயரத்துக்கு நிமிர்ந்து நிற்கும், பெரிய இளஞ்சிவப்புப் பூ, இதய இலை. அதைத் தொடர்ந்து தின்ற ஆடுகள் நரம்பு கெட்டுத் தள்ளாடும். நடைக்கு வருகிறவர்களுக்கு இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டுவேன். ஆனால் வள்ளைக்கீரையை அறிமுக நடையில் பறிக்க விடமாட்டேன். அது விரும்பி வளரும் இடங்கள் பெரும்பாலும் கழிவுநீர்த் தேக்கங்கள்.

கிழங்கு எதையும் தோண்டாதீர்கள். இதில் விதிவிலக்கு வேண்டாம். நம் மாநில மலரான செங்காந்தளின் கிழங்கைச் சர்க்கரைவள்ளி என்று வேகவைத்துத் தின்று உயிர்விட்டவர்கள் உண்டு. கண்வலிக்கிழங்கு என்று விதைக்காகப் பயிரிடுகிறார்களே, அதுதான் இது. அதிலுள்ள கோல்ச்சிசின் வேகவைத்தாலும் அழியாது. பூத்திருக்கும்போது யாருக்கும் ஐயம் வராது. பூவில்லாத நாளில், இலையின் நுனி பற்றுக்கம்பியாகச் சுருண்டிருப்பதைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஊமத்தை, அரளி, எருக்கு ஆகியவற்றைத் தமிழ்நாட்டில் யாருக்கும் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. சுரை, புடல், வெள்ளரி இனத்தில் வேலியோரம் தானாக முளைத்த காய் கசந்தால் துப்பிவிடுங்கள். பாகல் மாதிரி கசப்பு நல்லது என்று விழுங்குவது வயிற்றைப் புண்ணாக்கிவிடும். காளான் இந்த நூலின் பேச்சே அல்ல.

தப்பித்தவறி எதையாவது தின்று வாந்தி, மயக்கம், வாய் எரிச்சல் வந்தால் கைவைத்தியம் பார்த்து நேரத்தைக் கடத்தாமல் 108ஐ அழையுங்கள். தின்ற செடியின் மிச்சத்தைக் கையோடு மருத்துவமனைக்கு எடுத்துப்போங்கள். டெல்லி எய்ம்ஸில் இயங்கும் தேசிய நச்சுத் தகவல் மையத்தின் கட்டணமில்லா எண் 1800 116 117.

கிள்ளுவதும் கொண்டுவருவதும்

வேரோடு பிடுங்குகிறவரை அடுத்த நடைக்குக் கூப்பிடாதீர்கள். நகத்தால் நுனியிலிருந்து நாலு விரக்கடை கிள்ளினால் கீழே இருக்கும் கணுக்களிலிருந்து இரட்டையாகத் துளிர்க்கும். நகம் எங்கே சிரமமில்லாமல் இறங்குகிறதோ அதுவரைதான் இளசு. அழுத்தினால்தான் முறிகிறது என்றால் அதற்குக் கீழே நார். சிறுபாணாற்றுப்படையில் வறுமைப்பட்ட பாணன் வீட்டுப் பெண் குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால்தான் கிள்ளி எடுக்கிறாள், உப்புக்கூட இல்லாமல் வேகவைக்கிறாள். பிறர் பார்த்துவிடக் கூடாதென்று கதவைச் சாத்திக்கொண்டு தின்ற உணவை இன்று நாம் கட்டணம் கட்டி, தொப்பி போட்டுக்கொண்டு கற்கப் போகிறோம். அதே கரையில் இன்னும் தேவைக்காகக் கிள்ளுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆகவே ஒரு திட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். கீரை விற்றுப் பிழைக்கும் அம்மாவின் திட்டு என்று தெரிந்தால் அதைத் தொடவே வேண்டாம், அவரிடம் காசு கொடுத்து ஒரு கட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நல்ல இடத்தைப் படமெடுத்து வரைபடக் குறியோடு ஊருக்கெல்லாம் அனுப்புவதும் பிடுங்குவதற்குச் சமம்தான்.

பிளாஸ்டிக் பையில் கீரை வேர்த்து, வீடு சேர்வதற்குள் அழுகிவிடும். துணிப்பை, செடிக்கு ஒன்றாக. எல்லாவற்றையும் ஒரே பையில் திணித்துக்கொண்டு வந்து வீட்டில் பிரிப்பது ஆபத்து. கணுக்கால் மூடிய செருப்பு அல்லது பூட்ஸ், கையில் ஒரு கோல். கோரைக்குள் கை விடும்முன் கோலால் தட்டுங்கள், கண்ணாடிவிரியன் சத்தமில்லாமல் படுத்திருக்கும். காலில் வெட்டோ புண்ணோ இருந்தால் சேற்றில் இறங்க வேண்டாம்; எலிக்காய்ச்சல் அந்த வழியாகத்தான் ஏறும்.

அடுப்பில்

கீரையை ஆய்வதுதான் இரண்டாவது சோதனை. செய்தித்தாளில் பரப்பி ஒவ்வொரு தண்டாக எடுத்துப் பார்த்தால் கரையில் கண்ணுக்குத் தப்பிய வேற்றிலை இங்கே அகப்படும். ஐயம் வந்த தண்டை எறிந்துவிடுங்கள். பிறகு அகலப் பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் விட்டு அலசி, கீரையைக் கையால் அள்ளி வேறு பாத்திரத்துக்கு மாற்ற வேண்டும். தண்ணீரை வடித்தால் அடியில் தங்கிய மணல் மறுபடி கீரை மேலேயே விழும். ஆற்றோரக் கீரைக்கு இப்படி நாலு தண்ணீர் தேவைப்படும். கடைசித் தண்ணீரில் கல்லுப்பும் மஞ்சள்தூளும் போட்டுப் பத்து நிமிஷம் ஊறவிடுவது புழு பூச்சிக்காக.

பொன்னாங்கண்ணிக்குச் சிறுபருப்புதான் துணை. பருப்பை மலரவேகவைத்து வைத்துக்கொள்ளுங்கள், குழையக் கூடாது. எண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, காய்ந்த மிளகாய், நசுக்கிய பூண்டு தாளித்து, சின்ன வெங்காயம் வதங்கியதும் பொடியாக அரிந்த கீரையைப் போட்டு, தண்ணீர் தெளிக்காமல், மூடாமல் வதக்குங்கள். கீரையே தண்ணீர் விடும். அது சுண்டியதும் பருப்பைச் சேர்த்துப் பிரட்டி, தேங்காய்ப்பூ தூவி இறக்கலாம். ஆரைக்கு இது ஒத்துவராது. சின்ன வெங்காயம், தக்காளி, பச்சை மிளகாய், சீரகத்தோடு சேர்த்து நிறையத் தண்ணீரில் நன்றாக வேகவைத்து, மத்தால் கடைந்து, கடைசியில் தாளிக்க வேண்டும். வல்லாரை துவையலுக்கு, முடக்கத்தான் தோசை மாவுக்கு. முடக்கத்தானை அரைத்துச் சேர்த்த மாவை அன்றே வார்த்துவிடுங்கள், மறுநாள் கசப்பு ஏறும்.

கலவைக்கீரை நம் மரபுதான், ஆனால் புதிதாகப் பழகுகிறவருக்கு அல்ல. முதல் தடவை ஒரே ஒரு கீரை, வேகவைத்து, ஒரு கரண்டி, பகல் சாப்பாட்டோடு. மறுநாள் வரை ஒன்றும் செய்யவில்லை என்றால் அடுத்த தடவை வயிறாரச் சாப்பிடலாம். சமைக்காத ஒரு கொத்தை ஈரத்துணியில் சுற்றி ஒரு நாள் எடுத்து வைத்திருங்கள், மருத்துவர் கேட்டால் காட்டுவதற்கு. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் திடீரென்று கீரையைக் கூட்டக் கூடாது. கீரையில் உள்ள கே உயிர்ச்சத்து மருந்தோடு மோதும். சிறுநீரகக் கல் உள்ளவர்கள் புளியாரையையும் பருப்புக்கீரையையும் விட்டுவிடலாம். கர்ப்பிணிகளுக்குக் கடைக்கீரை போதும், காட்டுக்கீரைப் பரிசோதனை வேண்டாம்.

இலை ஆய்ந்த பிறகு மிஞ்சும் பொன்னாங்கண்ணித் தண்டைக் குப்பையில் போடாதீர்கள். இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி தொட்டியில் படுக்கவைத்து நட்டு, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் சில நாளில் வேர் பிடிக்கும். ஆற்றிலிருந்து வந்த பழைய தண்டை மட்டும் சமையலுக்கு எடுக்காமல், வீட்டுத் தண்ணீரில் புதிதாக விட்ட துளிர்களைக் கிள்ளிக்கொள்ளுங்கள். தொட்டிக்கு நேர் மேலே ஏசி தண்ணீர்க் குழாய் இருந்தால் இடத்தை மாற்றி வையுங்கள்.